தொங்கும் கோப்பை

காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அந்த அதிகாரிக்குப் பட்டப்பெயர் 'இதென்ன பெரிசு'. எந்தக் கண்டுபிடிப்பு வந்தாலும் அதைத்தான் சொல்வார். காப்புரிமை கிடைக்க ஒரு பொருள் புதிதாக இருந்தால் மட்டும் போதாது, அந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் தானாகத் தோன்றிவிடக் கூடியதாகவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். நம்மவரோ விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததுமே படத்தைப் பார்த்துவிடுவார். விடையைப் பார்த்த பிறகு எந்தக் கணக்குதான் கஷ்டம்?

அன்று விசாரணைக்கு வந்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். கை நடுங்குகிறவர்களுக்காக ஒரு கோப்பை செய்திருந்தார். வளைந்த கைப்பிடியிலிருந்து கோப்பை ஊஞ்சல் மாதிரி தொங்கும். கை எவ்வளவு ஆடினாலும் சிந்தாது. உறிஞ்சிக் குடிக்க ஒரு குழல்.

"வாளிக்குக் கைப்பிடி இருக்கு, கோப்பைக்குக் குழல் இருக்கு. ரெண்டையும் சேர்த்தா ஆச்சு. இதென்ன பெரிசு?" என்றார் நம்மவர்.

"அவ்வளவு சுலபம்னா இத்தனை வருஷமா ஏன் சார் யாரும் செய்யலை?"

"யாருக்கும் தேவைப்பட்டிருக்காதும்மா."

அந்தப் பதில் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. நிராகரிப்பு உத்தரவை எழுதி, காலையில் கையெழுத்துப் போடலாம் என்று மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் அக்கா மடியெல்லாம் டீயைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கை நடுக்கம் வந்து நாலைந்து வருஷமாகிறது. மூடி போட்ட டம்ளர், கனமான டம்ளர், பாதி டம்ளர் டீ என்று எல்லாம் செய்து பார்த்தாயிற்று. யாராவது வந்திருந்தால், "நீ உள்ள போய்க் குடிச்சுக்கோயேன்க்கா" என்று தம்பி நாசூக்காகச் சொல்வார். அவளும் மறுபேச்சில்லாமல் எழுந்து போவாள்.

மத்தியானம் பார்த்த படம் அவருக்கு ஞாபகம் வந்தது. துணி மாட்டும் கம்பி ஒன்றை வளைத்தார், டம்ளரைக் கட்டித் தொங்கவிட்டார், டீயை ஊற்றி ஒரு குழலைப் போட்டார். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அக்காவின் கை ஆடியது, டம்ளரும் கூடவே மெல்ல ஆடியது. ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. முழுசாகக் குடித்து முடித்தாள்.

"எப்படிடா செஞ்சே?"

"இதென்னக்கா பெரிசு, அஞ்சு நிமிஷ வேலை."

அக்கா அவரையே பார்த்தாள். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்புறம் ஏன்டா இத்தனை நாளா என்னை உள்ள போகச் சொன்னே?"

மத்தியானம் சொன்ன பதில்தான் முதலில் நினைவுக்கு வந்தது. தேவைப்படவில்லை என்று இவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? தோன்றவில்லை, அதுதான் உண்மை. தினமும் கண்ணெதிரே கொட்டிக்கொண்டிருந்தும் தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அவள் தனியாக உட்கார்ந்து குடிக்கும் முக்காலி அங்கேதான் கிடந்தது.

காலையில் முதல் வேலையாக உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டு, காப்புரிமை வழங்கலாம் என்று எழுதினார். படிவத்தில் காரணம் கேட்டிருந்த இடத்தில், 'நெடுநாள் தேவை இருந்தும் யாருக்கும் தோன்றாதது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த 'யாருக்கும்' என்பதற்குள் தான் ஒளிந்துகொண்டது அவருக்குத் தெரிந்தே இருந்தது.