கல்லறை மேட்டில் ஒரு பயிற்சிப் பாடம்

அன்று கல்லறை மேட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜுமாகடிர் என்கிற நான். என் தம்பி மகள் சைகல். அவள் தோழி ஜில்திஸ். மூவரும் உயிரோடுதான் இருக்கிறோம். சந்தேகப்படுகிறவர்கள் நேரில் வந்து கேட்கலாம். கதை கட்டிச் சொல்லும் குடும்பம் அல்ல எங்களுடையது.

கொரோனா வந்த ஆண்டு. இரண்டு பெண்களும் நரின் நகரில் ஆசிரியர் பயிற்சி படித்தார்கள். கல்லூரியை மூடினார்கள், படிப்பு போனுக்குள் போயிற்று. எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது கல்லறை மேட்டில் மட்டும். பெண்கள் அங்கே ஏறுவது வழக்கமில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? அன்று சைகலுக்குப் பயிற்சிப் பாடம். தேறாவிட்டால் ஒரு வருடம் வீண். "என் வீட்டுப் பெண் ஏறுவா. நானும் கூட நிப்பேன். பேசுறவன் என்கிட்ட வந்து பேசட்டும்" என்று சொல்லிவிட்டுக் குதிரையை அவிழ்த்தேன்.

வழியெல்லாம் ஜில்திஸ் காய்ந்த தயிர் உருண்டையை மென்றுகொண்டே புலம்பினாள். "கறுப்புக் கட்டத்தைப் பார்த்துப் பாடம் நடத்தி டீச்சர் ஆகணுமாம். அந்தப் பக்கம் ஆளா பேயான்னு யாருக்குடி தெரியும்?"

"பேயா இருந்தாலும் நடத்துவேன்" என்றாள் சைகல். "ஆனா முகம் பாக்காம நடத்துறது பாடமே இல்ல. அதையும் இன்னிக்கு சோனுன் அக்காகிட்ட சொல்லத்தான் போறேன்."

சோனுன் அக்கா அவர்களுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியை. கறாரானவர். அன்று பாடம் கேட்கப்போவதும் அவர் ஒருவர்தான்.

மாலை நான்கு மணி. இணைப்பு கிடைத்தது. கறுப்புக் கட்டம். கீழே அவர் பெயர். சத்தமே இல்லை. மேட்டுக்கு வந்தால், அங்கே அடங்கியிருப்பவர்களுக்கு ஓதாமல் நாங்கள் எதையும் தொடங்க மாட்டோம். ஓதினேன். உள்ளங்கைகளால் முகத்தைத் துடைத்தேன்.

போனிலிருந்து குரல் வந்தது.

"ஆமீன்... வந்து சேர்ந்துச்சு. நீ ஆரம்பிம்மா."

மரியாதை தெரிந்த அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

சைகல் பின்னக் கணக்கு நடத்தினாள். வட்ட ரொட்டியை நான்காகப் பிய்த்துக் காட்டினாள்.

"அந்தக் குதிரையை அவுத்து விடுங்க. பயப்படுது" என்றது போன் குரல்.

குதிரையை எனக்குப் பின்னால் கட்டியிருந்தேன். கேமரா பார்க்க முடியாத இடம். திரும்பினேன்... காதுகளை மடக்கிக்கொண்டு நடுங்கியது.

அவிழ்த்தேன். சரிவில் பாய்ந்து ஓடிற்று.

ஜில்திஸ் திரையை எட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா... சிக்னலே இல்ல."

"என்ன சொல்ற?"

"ஒரு கோடுகூட இல்ல..."

ஓடிவிட்டாள்.

காற்று நின்றது.

"சைகல், வா."

"பாடம் முடியல, பெரியப்பா."

முடித்தாள். நிமிர்ந்து நின்று, "அக்கா, முகம் தெரியாம நடத்துறது பாடமே இல்ல" என்றும் சொன்னாள்.

டொக்... டொக்... மேசையில் பேனா தட்டும் சத்தம்.

"அஞ்சுக்கு நாலு. கேள்வி கேட்டா பதிலுக்குக் காத்திரு. இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு... பேச நேரமாகும்."

திரை அணைந்தது.

கீழே சாலையில், ஒரு காருக்குப் பக்கத்தில் ஜில்திஸ் அழுதுகொண்டிருந்தாள். கார் நரினிலிருந்து வந்தது. ஓட்டி வந்தவன் சோனுன் அக்காவின் தெருக்காரன். அக்கா விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாராம். மதியத்துக்குள் அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

"கிட்ட நின்னு ஓதக்கூட ஒருத்தரையும் விடல, பெரியவரே" என்றான்.

கல்லூரி அந்தப் பாடத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. வசந்தத்தில், வகுப்பறையில், முப்பது முகங்களுக்கு முன்னால் சைகல் மறுபடி நடத்தித் தேறினாள்.

இருந்தும் ஊரில் ஒரு பேச்சு. செத்துப்போன ஆசிரியை இரக்கப்பட்டு எங்கள் பெண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டாராம்.

பொய். நாலுதான் போட்டார்.