மிச்ச வயர்

போர்க் காலத்தில் எங்கள் வீட்டின் பெரிய பிரச்சினை அப்பாவின் கட்டில். அதை யன்னலடியிலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்த வேண்டும். யன்னல் துறைமுகத்தைப் பார்த்திருந்தது. அங்கே ஏதாவது வெடித்தால் இங்கே கண்ணாடி அதிரும். ஏற்கெனவே ஒருமுறை உடைந்து அவருடைய போர்வைமேல் கொட்டியிருந்தது.

பாரிசவாதம் வந்தபின் அப்பாவால் எழும்ப முடியாது. பேச்சில் மிஞ்சியது "ஓம்" மட்டும். டீவிதான் அவருக்கு உயிர். அதுவோ யன்னலடியில் இருந்தது. கூரைமேல் இருந்த டிஷ்ஷின் வயர் அந்த மூலை மட்டும்தான் எட்டியது. கண் மங்கலானவருக்கு அறையின் மறுகோடியிலிருந்து படம் தெரியாது. கட்டிலை இழுத்த அன்று சாப்பாட்டுக்கு வாய் திறக்க மறுத்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"செத்தாலும் டீவி பாத்துக்கொண்டுதான் சாவியளோ?"

"ஓம்."

டீவியையும் உள்சுவர்ப் பக்கம் கொண்டுபோக, புது வயர் வாங்கி நீட்ட முடிவெடுத்தோம். என் கணவர் கந்தோரில் கிளாக்கர். பேனாவைத் தவிர எதையும் கழற்றிப் பூட்டியவரல்ல. "இது பெரிய வேலையே? வயரோட வயரை முறுக்கினாச் சரி" என்றார். முறுக்கிக் கறுப்பு டேப்பும் சுற்றினார். திரை முழுக்கப் புள்ளி மழை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. நடுக்கம்பியும் அதைச் சுற்றியுள்ள வலைக்கம்பியும் தொடக்கூடாது என்று கடைக்காரர்தான் சொல்லி, இரண்டு வயரையும் பூட்ட ஒரு ஜொயினரும் கொடுத்தார். பின்னேரம் படம் வந்தது. அப்பா உள்சுவரோரம் படுத்தபடி வாய் நிறையச் சோறு வாங்கினார். நான் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

என் கணவர் எதையும் தேவைக்கு மிஞ்சித்தான் வாங்குவார். மூன்று முழம் வயர் மிச்சம். அந்த நாட்களில் யாரும் வீட்டில் சும்மா வயர் வைத்திருப்பதில்லை, குண்டுக்கென்றுதான் சந்தேகப்படுவார்கள். எறியவும் பயம். எறிவதை யாராவது கண்டால்? சுருட்டி அரிசி வாளிக்குள் புதைத்தேன். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். எங்களுக்கு வெறும் மடியோடும் பயம்தான்.

நான்காம் நாள் விடிய ஆமியின் சுற்றிவளைப்பு. சோதனைக்கு வந்தவர்களில் ஒருவர் நேரே குசினிக்குப் போய் அரிசிக்குள் கையை விட்டார். சுவரோரம் ஓடிய வயரை ஒருவரும் திரும்பியும் பார்க்கவில்லை.

"டீவி வயர் ஏன் அரிசியில?" என்றார் தெரிந்த தமிழில்.

"பயத்தில ஒளிச்சனான், ஐயா."

"பயம் ஏன்?"

என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் பின்னேரம் வரை படலையடியில் நின்றேன். அரிசிக்குள் வைக்காமல் அலுமாரிமேல் போட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது என்று என்னையே திட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்பி வந்தபோது சட்டையில் இரண்டு பொத்தான்களைக் காணவில்லை. "அடிச்சவங்களோ?" என்று கேட்டேன். அவர் நேரே போய் ஜொயினரைக் கழற்றினார். சுவரோரம் ஓடிய வயரை உருவி அடுப்பில் போட்டார். நான் தடுக்கவில்லை. ஷெல்லைவிட வயருக்குப் பயந்துவிட்டோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

டீவியையும் கட்டிலையும் இருவருமாகப் பழைய இடத்துக்கே தள்ளினோம். நடந்தது எதுவும் அப்பாவுக்கு விளங்கவில்லை. படம் தெரிந்தது, அவருக்கு அது போதும். யன்னலுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு நான் உட்கார்ந்தேன். அப்பா நல்ல கையைத் தூக்கி, ஒதுங்கச் சொல்லி ஆட்டினார்.

நான் டீவியை மறைக்கிறேனாம்.