அமைதியைப் பதிவு பண்ணின அன்னைக்கு

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து வேற வேலை பார்க்கப் போயிடுற ஆளுங்க நான். எங்க ஊர் ஏரிக்கரைப் புளியமரத்துல என்னமோ இருக்குன்னு சொல்லி ஒருத்தரும் கிட்ட போக மாட்டாங்க. நான் போயி அந்த மரத்துப் புளியை உலுக்கிட்டு வந்து குழம்பு வெச்சவ. ஞாயித்துக்கிழமை பூசை, சாயங்காலம் ஜெபமாலை, நல்லது கெட்டது ரெண்டுக்கும் மாதா கிட்ட ஒரு வார்த்தை, அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. அதனால இதைச் சொல்ற நான் பயந்தாங்கொள்ளின்னு நெனைச்சுக்காதீங்க. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நடந்தது நடந்ததுதான்.

என் பேரு லூர்துமேரி. ஏலாக்குறிச்சி பக்கம் எங்க ஊரு. எட்டாவதோட நிறுத்திட்டாங்க, அதனால எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. வீட்டுக்காரர் பேரு சவரிமுத்து, தவறிப்போய்க் கொஞ்ச வருஷம் ஆச்சு. எங்களுக்கு ஒரே பொண்ணு, அமலி. பெரம்பலூர்ல காலேஜ் முடிச்சதும் சென்னையில போயி சினிமா டைரக்‌ஷன் மேல்படிப்பு படிக்கணும்னு நின்னா. அவங்க அப்பா இருந்தப்பவே சொல்லிட்டாரு, "படி கண்ணு, படம் எடுக்கறவங்களும் சோறுதானே திங்கறாங்க"ன்னு. அந்த ஒரு வார்த்தைக்காக, அவர் போன பிறகும் நான் அனுப்பி வெச்சேன்.

பெரம்பலூர்ல இருக்க எங்க அண்ணனுக்குத்தான் இது பிடிக்கல. "படம் எடுக்கறதுக்கு என்னாத்துக்கும்மா பரீட்சை? செல்போன வெச்சு ஊரே படம் எடுக்குது. இவ மட்டும் சென்னையில போயி டிகிரிக்கு மேல டிகிரி வாங்கணுமா?" போன் பண்ணும்போதெல்லாம் இதே பாட்டு. கடைசியில ஒரு மாப்பிள்ளையையும் பார்த்துட்டு வந்து உக்காந்துட்டாரு. அப்பா இல்லாத பொண்ணு, தாய்மாமன் பேச்சைத் தட்ட முடியாதுங்களே. இந்த வருஷம் படிப்பு முடிச்சிட்டா அவ இஷ்டம், முடிக்கலன்னா அடுத்த மாசமே பூ வெச்சிடறதுன்னு பேச்சு ஆச்சு. அமலியும் சரின்னுட்டா. சரின்னு சொன்னாளே தவிர அன்னைக்கு ராத்திரி பூரா அவ தூங்கல, பக்கத்துல படுத்திருந்த எனக்குத் தெரியாதா.

படிப்பு முடியணும்னா அவ ஒரு படம் எடுத்துக் குடுக்கணும். அதுதான் அவங்களுக்குக் கடைசிப் பரீட்சை. சொன்ன தேதிக்குள்ள குடுக்கலன்னா ஒரு வருஷம் காத்திருந்து கீழ்க் கிளாஸ் பசங்களோட திரும்ப எடுக்கணும். அந்தப் படத்தை எங்க வூட்டுலயே எடுக்கறேன்னு கூட்டாளிங்களோட வந்து இறங்குனா. கேமராவுக்கு ஒரு பையன், சத்தம் பதியறதுக்கு இர்ஃபான்னு ஒரு பையன், நடிக்கறதுக்கு திருச்சியிலேர்ந்து ஒரு நாடகக்காரம்மா. காலேஜ் கேமராவையும் மைக்கையும் மறுநாள் காலையில சென்னையில திருப்பிக் குடுத்தாகணும், அதனால அன்னைக்குத்தான் கடைசி நாளு.

கதை ஒண்ணும் பெருசா இல்ல. புருஷனை அடக்கம் பண்ணிட்டு வந்த பொம்பளை, எல்லாரும் போன பிறகு கூடத்துல தனியா உக்காந்திருக்கா. பேச்சே கிடையாது. அழுகையும் கிடையாது. சும்மா உக்காந்திருக்கா. எனக்குப் புரியாம இல்லீங்க, யாரைப் பார்த்து எழுதியிருக்கான்னு. நான் ஒண்ணும் கேட்டுக்கல.

மத்தியானத்துக்குள்ள கேமரா வேலை முடிஞ்சிருச்சு. எல்லாம் முடிஞ்சிதுன்னு நான் சோத்துக்கு அரிசி களைஞ்சு வெச்சிட்டு வந்தா, இர்ஃபான் இன்னும் மைக்கை எடுக்காம நிக்கறான். "இன்னும் ரூம் டோன் எடுக்கணும் ஆண்ட்டி"ங்கறான். என்னப்பா அதுன்னா, யாரும் பேசாம, அசையாம, இந்தக் கூடத்தோட அமைதியை மட்டும் ரெண்டு நிமிஷம் பதியணுமாம். படத்துக்கு அடியில அதைத்தான் விரிப்பாங்களாம். அது இல்லன்னா வெட்டி ஒட்டின எடமெல்லாம் காதுல குத்துமாம், அதுவும் பேச்சே இல்லாத படத்துக்கு அதுதான் உசுராம்.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வூட்டு ஆரோக்கியம் அக்கா வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்குமா? "ஏன்டி லூர்து, ஒண்ணுமில்லாததைப் பதியறதுக்கா இம்மாம் பெரிய மைக்கு?"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. இர்ஃபானும் சிரிச்சிட்டு, "ஒண்ணுமில்லாதது இல்ல பாட்டி, ஆள் இருக்கற அமைதி வேற, ஆள் இல்லாத அமைதி வேற. அதனால யாரும் வெளிய போகாதீங்க, இருக்கற எடத்துலயே இருங்க"ன்னான். பாட்டின்னு சொன்னதுல அக்காவுக்குக் கோவம், அது வேற கதை.

ஆனா எங்க ரோட்டுல அமைதிக்கு எங்க போறது? அரியலூர்லேர்ந்து சிமெண்ட் லாரி, சுண்ணாம்புக்கல் லாரின்னு ஒண்ணு போனா ஒண்ணு வரும். இர்ஃபான் கையைத் தூக்குவான், நாங்க மூச்சைப் பிடிப்போம், லாரி வரும், தலையை ஆட்டுவான். திரும்பக் கையைத் தூக்குவான், திரும்ப லாரி. இப்படியே போயி சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிருச்சு. பசங்க சாப்பிட்டுட்டுப் போகட்டும்னு நடுவுல ஓடிப்போயி உலையை ஏத்திட்டு வந்தேன். அமலி முகம் கறுத்துப் போச்சு. "இது இல்லாம படத்தைக் குடுக்க முடியாதும்மா"ன்னு என் காதுகிட்ட வந்து சொன்னா. எனக்கு அவ படம் தெரியல, எங்க அண்ணன் பூத்தட்டோட வந்து நிக்கறதுதான் தெரிஞ்சுது.

சரி, கடைசியா ஒரு தடவைன்னு இர்ஃபான் கையைத் தூக்குனான். நான் சுவர் ஓரமா உக்காந்து முந்தானையை வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டேன், பெருமூச்சு கூட வரக்கூடாதுன்னு. மனசுக்குள்ள "அருள் நிறைந்த மரியே"ங்கற மந்திரத்தைச் சொல்ல ஆரம்பிச்சேன். மாதாவே, ஒரு ரெண்டு நிமிஷம் லாரியை நிறுத்துன்னு வேண்டிக்கிட்டு. மனசுக்குள்ளதாங்க, உதடு கூட அசையல.

ஜெபமாலை தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன், மணியை உருட்டி அந்த ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றதுதான். எங்க வழக்கத்துல ஒருத்தர் முன்பாதியைச் சொல்லுவாங்க, மத்தவங்க பின்பாதியைச் சொல்லி முடிப்பாங்க. எங்க வூட்டுல எப்பவும் நான்தான் முன்பாதி, அவர் பின்பாதி. அவர் போன பிறகு ரெண்டையும் நானேதான் சொல்லிக்கறது. ஆனா அன்னைக்கு அவசரத்துலயோ என்னமோ, முன்பாதியை மட்டும் சொல்லி, கொஞ்சம் விட்டு, அடுத்த முன்பாதிக்குப் போயிட்டேன். பழைய பழக்கம், தன்னால வந்துருச்சு.

நம்ப மாட்டீங்க, லாரி வரல. ஒண்ணு கூட வரல. காக்கா, மாடு ஒண்ணும் கத்தல. அப்படி ஒரு அமைதியை அந்த ரோட்டுல நான் கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து கேட்டதில்ல. நடுவுல ஒரு தடவை உலை பொங்குதோன்னு எனக்கு நெனப்பு போயிருச்சு, பாதி மந்திரத்துல அப்படியே நின்னுட்டேன், அப்புறம் சுதாரிச்சு விட்ட எடத்துலேர்ந்து சொன்னேன். அடுத்ததைப் பாதி சொல்லிக்கிட்டு இருக்கும்போதே இர்ஃபான் "ஓகே, போதும், சூப்பர்"ன்னான். எல்லாரும் கை தட்டுனாங்க. நான் அதை அப்படியே விட்டுட்டு அடுப்படிக்கு ஓடிட்டேன். பசங்க சாப்பிட்டுட்டு பஸ் ஏறிட்டாங்க.

ரெண்டொரு நாள் கழிச்சு அமலிகிட்டேர்ந்து போன். எடுத்த எடுப்புல திட்டு.

"ஏம்மா, அந்த ரெண்டு நிமிஷம் உன்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலயா? உள்ள யாரோ ஜெபம் சொல்றது கேக்குது!"

"அடியே, மாதா சத்தியமா நான் வாயைத் தொறக்கலடி. முந்தானையைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அப்புறம் மெதுவா, "ஆம்பளைக் குரல்மா"ன்னா.

அடுத்த பஸ்ஸுலயே கிளம்பி வந்துட்டா, லேப்டாப்போட. என் காதுல ஹெட்போனை மாட்டிவிட்டா. முதல்ல ஒண்ணுமில்ல, கூடத்தோட அமைதிதான். அப்புறம் ரொம்ப மெல்லிசா, ஆனா கிட்டத்துல உக்காந்து சொல்ற மாதிரி, "அர்ச்சிஷ்ட மரியாயே"ன்னு ஆரம்பிச்சு பின்பாதி முழுசும். கோயில்ல இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்லீங்க, "தூய மரியே"ன்னு மாத்தி எத்தனையோ காலம் ஆச்சு. என் வீட்டுக்காரர் மட்டும் தன்னோட அப்பா சொன்ன பழைய மாதிரியேதான் சொல்லுவாரு. ஃபாதரே ஒருதடவை கேலி பண்ணினதுக்கு, "பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மாதாவுக்குக் கேக்காமப் போயிடுமா சாமி"ன்னு கேட்டவரு.

முடிஞ்சதும் ஒரு இடைவெளி. நான் மனசுல முன்பாதி சொன்ன நேரம் எவ்வளவோ அவ்வளவு. திரும்ப அவர் குரல். திரும்ப இடைவெளி. ஒரு எடத்துல மட்டும் அந்த இடைவெளி நீண்டுக்கிட்டே போச்சு. அப்புறம் "ம்க்கும்"னு ஒரு கனைப்பு. ஜெபமாலை நடுவுல நான் தூங்கி விழுந்தா அவர் அப்படித்தான் கனைப்பாரு. உலையை நெனைச்சு நான் மந்திரத்தை விட்ட எடம் அது. அதை நான் யார்கிட்டயும் சொல்லலீங்க. என் மனசுக்குள்ள நின்னது வெளிய யாருக்குத் தெரியும்?

இர்ஃபானுக்கும் போன் போட்டுக் கேட்டோம். "ஆண்ட்டி, அல்லா மேல ஆணையா, ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான் எடுத்தேன். ஒரு சின்னச் சத்தம் கேட்டிருந்தாலும் நிறுத்தியிருப்பேன்"னான். அவர் ஜெபம் சொன்னதை யாரும் எப்பவும் பதிஞ்சு வெச்சதும் இல்ல. கல்யாண வீட்டைத்தான் வீடியோ எடுப்பாங்க, சாயங்கால ஜெபத்தை யார் எடுப்பா?

அமலி லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தா. வேற எடத்து அமைதியை எடுத்துப் போட்டுப் பார்த்தாளாம், ஒட்டலயாம். இந்தக் குரலை மட்டும் தூக்கவும் முடியுமாம், கம்ப்யூட்டர்ல அதுக்கு வழி இருக்காம். "தூக்கட்டுமாம்மா?"ன்னு கேட்டா. "உன் பரீட்சை கண்ணு, உனக்கு எது சரியோ அதைச் செய்"னேன். இன்னொரு தடவை ஹெட்போனை மாட்டிக் கேட்டுட்டு, "சத்தத்தைக் குறைச்சு வெச்சிடறேன். அப்பா பாட்டுக்கு இருக்கட்டும்"னா. ரெண்டு பேரும் அப்பத்தான் அழுதோம்.

படம் தேதிக்குள்ள போச்சு. தேறிட்டா. ஒரு சார் மட்டும், "அந்தப் பொம்பளை தனியா இருக்கற மாதிரியே தெரியலையேம்மா, என்ன பண்ணினே?"ன்னு கேட்டாராம். எங்க வூட்டு அமைதி சார், அவ்வளவுதான்னு சொன்னாளாம். எங்க அண்ணனும் வாயை மூடிக்கிட்டாரு. ஃபாதர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ஆன்மாக்களுக்காக ஜெபம் பண்ணுங்க, அதுக்கு மேல துருவாதீங்கன்னாரு. நானும் துருவல.

ஆனா ஒண்ணு மட்டும் இன்னமும் என்னை உறுத்துதுங்க. அந்தப் பதிவோட கடைசியில இர்ஃபான் "போதும்"னு சொன்ன பிறகும் மெஷின் கொஞ்ச நேரம் ஓடியிருக்கு. கைதட்டு கேக்குது, ஆரோக்கியம் அக்கா இருமறது கேக்குது, நான் அடுப்படிக்கு ஓடற காலடிச் சத்தம் கேக்குது. அதுக்கெல்லாம் அடியில, நான் பாதியில விட்டுட்டு எழுந்த முன்பாதியை, விட்ட எடத்துலேர்ந்து எடுத்து அவரே சொல்லிக்கிட்டு இருக்காரு. அவர் எப்பவும் சொல்லாத பாதி. சொல்லி முடிச்சிட்டு நிறுத்தறாரு. பதில் சொல்ல அங்க ஆள் இல்ல. அப்படியே பதிவு நின்னுபோச்சு.

இப்பல்லாம் சாயங்காலம் விளக்கேத்தி ஜெபமாலையைக் கையில எடுத்தா, முன்பாதிக்கு ஆகற நேரத்தைச் சும்மா விட்டுட்டு, நான் பின்பாதியை மட்டும்தாங்க சொல்றேன்.