வெஸ்னா மிஸ் கேட்ட டைம் அவுட்

போன வாரம் முழங்கால் வலிக்கு ஸ்பிரே வாங்க நாகல் நகரில் ஒரு மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். "புதுசா வந்திருக்கு மேடம், நல்லா கேக்கும்" என்று கடைக்காரர் தன் புறங்கையில் அடித்துக் காட்டினார். அந்தக் குளிர்ந்த கற்பூர வாடை மூக்கில் ஏறியதும் சில்லறையைக்கூட வாங்காமல் நின்றுவிட்டேன். அது வெஸ்னா மிஸ்ஸின் வாடை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சிரிக்காதீர்கள், கூடைப்பந்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்து கூடைக்குள் விழ வேண்டும் என்பதுதான். அதனால் மடத்துச் சிஸ்டர்கள் இத்தாலியில் அறிமுகமான ஒரு பழைய ஆட்டக்காரியைக் கோச்சாக அழைத்து வந்தார்கள். யுகோஸ்லாவியாவில் பிறந்தவர். "அந்த நாடு இப்போது இல்லை" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆட்டோவில் ஏறினால் உடம்பை மடக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய உயரம். அவர் ஆங்கிலமும் நொண்டி, என் ஆங்கிலமும் நொண்டி, அதனாலேயே ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகப் புரிந்தது. பிள்ளைகளுக்கு அதைத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

காலைப் பயிற்சி முடிந்து முழங்காலுக்கு ஸ்பிரே அடிக்கும்போதுதான் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஆடத் தொடங்கி, நாட்டின் ஜூனியர் அணி வரை போனவர். அங்கே அவருக்கு ஜோடி அமிரா. வெஸ்னா பந்தை எறிந்தால் போதும், அமிரா எங்கே நிற்கிறாள் என்று பார்க்கவே வேண்டாமாம். பிறகு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆட முடியாமல் கோச்சானார். கொஞ்ச நாளில் நாடு உடைந்து, இனத்துக்கு இனம் மோதும் போர் வந்தது. வெஸ்னா செர்பியக் குடும்பம், அமிரா முஸ்லிம். அமிராவின் ஊரைச் சுற்றி வளைத்த படையில் வெஸ்னாவின் தம்பி இருந்தான். இருவரும் சேர்ந்து ஆடிய அரங்கில் பிணங்களைக் கிடத்தினார்கள். இதைச் சொல்லும்போது அவர் தன் ஷூ லேஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன்.

எங்கள் அணியிலும் ஒரு ஜோடி இருந்தது. பிலோமினா, அமலா. சாணார்பட்டி தாண்டி ஒரே கிராமம், ஒரே கோயில், ஒரே பஸ். பிலோ ஊர்த்தெரு, அமலா காலனி. அந்த வருடத் திருநாளில், மாதா சப்பரம் காலனிக்குள்ளும் வர வேண்டும் என்று கேட்டதில் தகராறு மூண்டது. அமலாவின் சித்தப்பாவுக்கு மண்டை உடைந்தது. காலனியில் வீடுகள் எரிந்தன. அதற்குப் பிறகும் இருவரும் பயிற்சிக்கு வந்தார்கள், பஸ்ஸில் தனித்தனி சீட்டில்.

அப்படியே மாவட்டப் போட்டியின் இறுதியாட்டம் வந்தது. கூடைக்கடியில் அமலா ஆளில்லாமல் நிற்கிறாள். பிலோ பந்தை வேறு யாருக்கோ எறிகிறாள். மறுபடியும் அதேதான். வெஸ்னா டைம் அவுட் கேட்டார். ஏதோ உத்தி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அமிராவைப் பற்றிச் சொன்னார். போர் தொடங்கிய பிறகு ஒரு போன்கூடப் பண்ணவில்லை, வெட்கமாக இருந்தது, அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது என்றார். ஒவ்வொரு வரியையும் நான் தமிழில் சொன்னேன்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது.

"ஏடி அமலா, இந்தா!"

பிலோவின் குரல்தான். பந்து போனது, கூடைக்குள் விழுந்தது. அன்றைக்கு ஜெயித்தோம். பிலோ அமலாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள். எங்களுக்குப் பின்வரிசையில் பிலோவின் தாய்மாமன் உட்கார்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை பிலோவின் அப்பா டி.சி. வாங்க வந்தார். கோபம்கூட இல்லை, களைப்பாகத்தான் பேசினார்.

"ஊருக்குள்ள நான் தலை காட்டணும்ல டீச்சர். அந்த வெள்ளக்காரம்மாட்ட சொல்லிருங்க, அவுக நாட்டுச் சண்டைய அவுக நாட்டுலயே வச்சுக்கிடட்டும்."

பிலோ வராந்தாவில் நின்றாள். கன்னத்தில் விரல் தடம். அவர் என்ன சொன்னார் என்று வெஸ்னா கேட்டார். சொன்னேன்.

அன்று மாலை என்னை எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப்போனார். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. மனப்பாடமாக வைத்திருந்த பழைய எண். யாரோ எடுத்தார்கள். வெஸ்னா தன் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின.

வெளியே வந்ததும் சொன்னார். பேசியது அமிராவின் அம்மா. தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்ற அமிராவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், போரின் முதல் வருடமே.

"அந்த அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். உன் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று."

"என்ன சொன்னீங்க?"

"இருக்கிறான் என்றேன்."

வீட்டுக்கு நடந்தே போனோம். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பள்ளி ஆண்டு முடிந்ததும் வெஸ்னா போய்விட்டார். இத்தாலியில் அகதிப் பிள்ளைகளுக்குக் கோச்சாக இருப்பதாக ஒரு சிஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சிஸ்டர் இறந்தபின் சேதி நின்றுபோனது. வெஸ்னாவின் பெயர் இப்போது பள்ளியில் யாருக்கும் தெரியாது. கோர்ட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள், அங்கே பள்ளிப் பேருந்துகள் நிற்கின்றன. பூத் இருந்த இடத்தில் பிரியாணிக்கடை.

அமலா போலீஸில் சேர்ந்துவிட்டாள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் டியூட்டியில் பார்த்தேன். பிலோவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம்.

"பேசிக்கிடுவீங்களாடி?"

"எதிர்ல வந்தா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவா டீச்சர்" என்றாள் அமலா. "நானும் கூப்புடுறதில்ல."