குக்கர் திருடனுக்கு வயது பதினைந்து

1991ஆம் வருடம், ஆவணி மாதம். அப்போது நாங்கள் ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவர் அங்கே கடைசல் பிடிக்கும் டர்னர். அவரோடு வேலை பார்த்த பாய் ஒருவரின் தங்கைக்குப் பூந்தமல்லியில் கல்யாணம். நான், கணவர், பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள், மூவரும் போய் மூக்குமுட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தோடு வீடு வந்து சேர்ந்தால், பின்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது.

ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னைக் காணோம். குத்துவிளக்கு இரண்டையும் காணோம். மகளின் வெள்ளிக் கொலுசும் போயிற்று. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அடுப்பின் மேல் இருந்த பிரஷர் குக்கரையும் தூக்கிவிட்டார்கள். ராத்திரி சாம்பாருக்கென்று அதில் துவரம்பருப்பு வேகவைத்திருந்தேன். பருப்போடு குக்கரைத் தூக்கிக்கொண்டு போன திருடனை அதற்கு முன்னும் நான் கேள்விப்பட்டதில்லை, பின்னும் கேள்விப்பட்டதில்லை. குளியலறை வென்டிலேட்டரின் கண்ணாடிகளைக் கழற்றி, ஒல்லியான ஒருவன் உள்ளே இறங்கிக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான் என்றது போலீஸ். கணவர் ஷிப்டை விட மாட்டார் என்பதால் புகாரை என் பெயரிலேயே கொடுத்தோம்.

அடுத்த வாரமே ஆள் பிடிபட்டாயிற்று, வந்து சாமானை அடையாளம் காட்டுங்கள் என்று ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தது. போனேன். மூன்று பேர் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் முரட்டு ஆட்கள், வயது முப்பதை நெருங்கும். மூன்றாவது ஆள் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். "மூஞ்சக் காட்டுடா" என்று போலீஸ்காரர் அதட்டியதும் நிமிர்ந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் என் வீட்டில் பிறந்தவன்.

ஏதோ ஒரு பேச்சுக்கு அப்படிச் சொல்லவில்லை. என் மகள் ஒரு மாதக் குழந்தையாக இருந்தபோது, வீட்டில் துணி துவைக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் அப்போது நிறைமாதம். ஒருநாள் காலையில் என் மகளின் துணிகளைத் துவைக்கிற கல்லில் கசக்கிக்கொண்டிருந்தவளுக்கு வலி கண்டுவிட்டது. ரிக்ஷா பிடிக்கக்கூட நேரமில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து என் சமையலறைத் தரையில்தான் பிரசவம் பார்த்தோம். பிறந்தவன் இவன். தாய்க்கு மறுநாளே காய்ச்சல் கண்டு, பால் சுரக்கவில்லை. அவள் எழுந்து நடமாடும்வரை ஒரு பக்கம் என் மகளுக்கும் ஒரு பக்கம் இவனுக்கும் நான்தான் பால் கொடுத்தேன். பிறகு அவர்கள் நூம்பல் பக்கம் சித்தாள் வேலைக்குக் குடிபோய்விட்டார்கள். பொங்கலுக்கு வருவார்கள். "பெரிம்மா" என்று வாசலிலேயே கத்திக்கொண்டு வருவான்.

அப்படிப்பட்டவன் என் குக்கரையே தூக்கியிருக்கிறான். வந்த ஆத்திரத்தில் ஸ்டேஷன் என்றும் பார்க்காமல் முதுகில் நாலு சாத்து சாத்தினேன். போலீஸ்காரருக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடேயே பேப்பரில் அவன் வயதைப் பத்தொன்பது என்று எழுதினார். "இவன் என் பொண்ணைவிட ஒரு மாசம் சின்னவன் சார்" என்றேன். "இன்னாம்மா நீ, வாசக்கால் இடிக்கிற ஒசரம் கீறான், இவன் கொயந்தையா? சாமான் உன்னுதான்னு மட்டும் சொல்லு" என்றார். சாமான் என்னுடையதுதான். சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கிடந்து அனுபவிக்கட்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மூன்று பேரையும் ஒரே கிளைச் சிறையில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். சில நாள் கழித்து அவன் அம்மா வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தவள் அழவில்லை. "யக்கா, கேஸ வாபஸ் வாங்குன்னு கேக்க வர்ல. அவனாண்ட ஒரு தபா வந்து பேசிப் பாரு. எனக்கு பயமா கீது" என்றாள். எனக்குப் போக இஷ்டமே இல்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தபின் போகாமல் இருக்க முடியவில்லை.

காவலை நீட்டிக்கக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்த நாளில் வராந்தாவில் வைத்து அவனைப் பார்த்தோம். ஸ்டேஷனில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த பையனைத்தான் நான் எதிர்பார்த்துப் போனேன். இவன் சிரித்தான். "பெரிம்மா, நீ ஒண்ணும் கவலப்படாத. வெளிய வந்ததும் அண்ணாத்தே எனக்குத் தனியா தொயில் குடுக்கறேன்னுகீறாரு. இனிமே வென்டிலேட்டர்ல எல்லாம் பூர வாணாம். பூட்டு எப்டித் தொறக்கறதுன்னு சொல்லிக் குடுத்துகினு கீறாரு." பக்கத்தில் நின்ற முரட்டு ஆள், பாடம் ஒப்பித்த பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி அவன் தோளைத் தட்டினான். எந்த இரண்டு பேர் அவனை வென்டிலேட்டரில் இறக்கினார்களோ, அதே இரண்டு பேரிடம் அரசாங்கமே அவனைப் பாடம் படிக்க விட்டிருக்கிறது. சாப்பாடும் போட்டு. இன்னும் இரண்டு வருடம் அங்கே இருந்தால் அவன் அம்மாவுக்கு அவன் கிடைக்க மாட்டான்.

ஏழைகளுக்காகக் கோர்ட் அமர்த்திய ஒரு இளம் வக்கீல்தான் விஷயத்தை விளக்கினார். அன்றைய சட்டப்படி, பையனுக்குப் பதினாறு நிரம்பாவிட்டால் அவன் சிறுவன். தனி விசாரணை, சிறுவர் இல்லம், அங்கே படிப்பு, கைத்தொழில். பதினாறு தாண்டிவிட்டால் பெரியவர்களோடு பெரிய ஜெயில். போலீஸ் எழுதிய பத்தொன்பதை உடைத்துவிடலாம், ஆனால் பள்ளிக்கூடச் சான்றிதழிலேயே பதினாறு முடிந்து மூன்று மாதம் ஆகிறதே என்றார்.

"அது எப்படிடி?" என்று அவன் அம்மாவைக் கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இவனைப் பள்ளியில் சேர்க்கும்போது நாலு வயதுதான் நடந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகிற இடத்துக்கெல்லாம் இடுப்பில் தூக்கிக்கொண்டு போக முடியாமல், ஐந்து முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழை யார் கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் வயது சரி. இவனுக்கோ பிறந்ததிலிருந்தே நீளமான கை. காதைத் தாண்டிக் கன்னத்தையே தொட்டுக் காட்டியிருக்கிறான். வாத்தியாரும் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு உள்ளே உட்கார வைத்துவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு ஜூனில் பிறந்தநாள் வந்த கதை இதுதானே. என் கணவருக்கும் ஜூன்தான்.

வயதைக் கணிக்க எக்ஸ்ரே எடுத்த டாக்டர் பதினைந்திலிருந்து பதினேழுக்குள் என்று எழுதிவிட்டார். பெற்ற தாய் சொன்னால், பிள்ளையைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்பார்கள். மிச்சம் இருந்தது நான்தான்.

வீட்டில் சொன்னதும் கணவர் குதித்தார். "ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? களவு கொடுத்தவளே களவாணிக்குச் சாட்சி சொல்லப் போறேங்கியே, குவார்ட்டர்ஸ்ல ஒருத்தன் நம்மள மதிப்பானா?" கிறுக்குப் பிடித்ததாகவே இருக்கட்டும் என்றேன். ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது, அடுத்த தடவை சாவியையே கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கிண்டலடித்தார்கள். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வயது விசாரணைக்கு, பள்ளிச் சீருடையிலேயே மகளையும் அழைத்துக்கொண்டு பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போனேன். கூண்டில் ஏறியதும் கால் கொஞ்சம் நடுங்கியது உண்மை. அரசு வக்கீல் எழுந்த வேகத்தில் அந்த நடுக்கம் கோபமாகிவிட்டது.

புகார் கொடுத்தது நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றேன். பொருள் உங்களுடையதுதானே என்றார். குக்கர் உட்பட என்றேன். பிறகு எதற்கு இந்தத் திருடனுக்குப் பரிந்து பேச வந்தீர்கள் என்றார்.

"இவன் திருடலைன்னு நான் சொல்லவே இல்லையே சார். தண்டனை குடுங்க. பதினஞ்சு வயசுப் பையனுக்கு என்ன உண்டோ அதைக் குடுங்க."

அவர் பள்ளிச் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். முத்திரை போட்ட இது பொய், உங்கள் வாய்வார்த்தை மட்டும் மெய்யா என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்க சர்டிபிகேட்ல இருக்கற அதே தேதியிலதான் உங்கம்மா உங்களைப் பெத்தாங்களா?"

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, "எனக்கு ஜூன் ஒண்ணு. எங்கம்மாவைக் கேட்டா ஐப்பசி அடைமழைம்பாங்க" என்றார். அவ்வளவுதான், பின்பெஞ்சு வரை சிரிப்பு. அரசு வக்கீலும் சிரித்துவிட்டார். அவருக்கும் ஜூன்தானாம்.

சிரிப்பு அடங்கியதும் மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, சரி, நீங்கள் சொல்கிற வயதுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். நான் மகளைக் கைகாட்டினேன். இவள் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் பிறந்தவள், இவள் பிறப்புக்குப் பதிவு இருக்கிறது. இவள் ஒரு மாதக் குழந்தையாக என் மடியில் கிடந்தபோது அவன் என் சமையலறையில் பிறந்தான். ஒரு பக்கம் இவளுக்கும் ஒரு பக்கம் அவனுக்கும் நான் பால் கொடுத்தேன். "எது மறந்தாலும் அது மறக்குமாய்யா? இவளுக்குப் பதினஞ்சுன்னா அவனுக்கும் பதினஞ்சுதான்" என்றேன்.

என் மகள் வெட்கத்தில் தரைக்குள் போய்விடுவாள் போல நின்றாள். அதன்பிறகு ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் அம்மா மட்டும் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். அதுவரை அந்த இரண்டு ஆட்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்த அவன், என்னையே பார்த்தான். நான் பால் கொடுத்த கதையை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவன் சட்டென்று உடைந்து, கேவிக்கேவி அழுதான். அழும்போது பார்த்தால் பதினைந்துகூடச் சொல்ல முடியாது.

மறு வாய்தாவில் தீர்ப்பு வந்தது. அவன் சிறுவன்தான், வழக்கைச் சிறுவர்களுக்கான கோர்ட்டுக்கு மாற்ற வேண்டும், அன்றே அவனைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மாஜிஸ்திரேட் வாசித்தார். வாசலில் அவன் கைவிலங்கைக் கழற்றினார்கள். அந்த இரண்டு பேரும் வேனில் ஏறினார்கள். அவனைத் தனியாக ஒரு ஜீப்பில் ஏற்றினார்கள். அண்ணாத்தே வேன் ஜன்னல் வழியாக என்னை முறைத்தான். நானும் விடாமல் முறைத்தேன். கடைசியில் அவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தேரை இழுத்து நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி ஒரு பெருமை எனக்கு. திரும்பிப் பார்த்தால், ஷிப்டை விடவே விடாத என் கணவர் லீவு போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறார்! எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, டீக்கடைக்காரரிடம், "சாட்சி சொன்னது எங்க வீட்டம்மாதான்" என்றார். மதிப்பு போய்விடும் என்று குதித்த அதே மனுஷர்.

வழக்கு முடிந்து சாமான்களும் வந்து சேர்ந்தன. கோர்ட் கட்டிவிட்ட அட்டையோடு குக்கரும் வந்தது. விசில் மட்டும் இல்லை. அது எங்கே போனது என்று இன்றுவரை அவனுக்கே தெரியவில்லை.

இல்லத்தில் அவன் வயரிங் வேலை கற்றுக்கொண்டான். வேலப்பன்சாவடிப் பக்கம் கல்லூரிகள் எழும்பிய நேரம், கட்டடம் கட்டடமாக அவனுக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு புதுக் குக்கர் வாங்கி வந்தான். வாங்கிக்கொண்டேன், திட்டிக்கொண்டே. பல வருடம் கழித்து ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். மகனைப் பள்ளியில் சேர்க்கப் போனானாம். வயதுக்குச் சில மாதம் குறைகிறது, கூட்டிப் போட்டுக்கொள்ளலாமா என்று சிபாரிசுக்கு வந்த ஒருவர் கேட்டிருக்கிறார். "ஒரு நாள்கூட ஏத்திப் போட வாணாம்னு கூட்டிகினு வந்துட்டேன் பெரிம்மா. ஒரு வருசம் வேஸ்ட்டுன்னு ஊட்ல ஒரே சண்ட" என்றான். நான் அவன் மனைவியைச் சமாதானப்படுத்த அன்றே நூம்பலுக்கு பஸ் ஏறினேன்.

சின்ன வயதில் குற்றம் செய்தவனையும் பெரியவனைப் போலவே ஜெயிலில் போட வேண்டும் என்று யாராவது கோபமாகப் பேசினால், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, பருப்போடு குக்கரைப் பறிகொடுத்தவள் நான். ஆனால் அவன் என்னிடமிருந்து எடுத்ததெல்லாம் கடையில் கிடைக்கிற சாமான்தான். அவனுடைய பதினைந்து வயதை அவனிடமிருந்து எடுத்திருந்தால் அதை எந்தக் கடையில் வாங்கித் திருப்பிக் கொடுத்திருப்போம் என்று நினைக்கும்போதெல்லாம், அன்றைக்குக் கூண்டேறிய என் கால்களை நானே தடவிக் கொடுத்துக்கொள்கிறேன்.