பொலிஸ் பதிவு: ஓம் / இல்லை

அன்று சனிக்கிழமை. காலையில் யோகநாதன் அண்ணை சந்தையில் நின்றார்.

நிற்கக்கூடாத நாள். சனி காலையில் அவர் பியர்பொன்ட்ஸ் பக்கம் தன்னுடைய வான் வண்டியில் இருப்பார். ஆறு பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றி, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்துக்குக் கொண்டு வருவார். அங்கேதான் எங்கள் தமிழ் வகுப்பு. நாலு வருடமாக இதுதான் அவருடைய சனிக்கிழமை.

மொன்றியலில் ஜான்-டலோன் சந்தையில் நானும் அவரும் ஒரே மரக்கறிக் கடையில் வேலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாரியில் சந்தையைச் சுற்றி அடைத்துவிடுவார்கள். உள்ளே வெளிச்சம் பால் மாதிரி இருக்கும். ஆட்கள் தொப்பியில் பனியோடு வருவார்கள், "பொன்ஜூர்" என்பார்கள், போவார்கள். சத்தமே இருக்காது. கனவில் நடக்கிற வியாபாரம் போல.

அவர் கோவாவின் வெளி இலையை உரித்துக்கொண்டிருந்தார். ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"ரீச்சர் இனி வேண்டாம் எண்டிட்டா. தாய்மார் தாங்களே கூட்டிக்கொண்டு போகினமாம்."

அவ்வளவுதான் சொன்னார். நானும் அதற்கு மேலே கேட்கவில்லை. இரண்டு பேரும் கோவா உரித்தோம்.

ஒருமுறை அவருடைய வானில் போயிருக்கிறேன். ஏறிக் கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் நித்திரை. நெடுஞ்சாலை முழுக்க வெள்ளை. எது பாதை, எது வானம் என்று தெரியவில்லை. ஆறு மூச்சும் கண்ணாடியில் படிந்து உள்ளே ஒரு புகை. அண்ணை ரேடியோவைக்கூடப் போடமாட்டார். பிள்ளைகள் எழும்பிவிடுவார்களாம். எங்கேயோ மிதந்து போகிற மாதிரி இருந்தது... மண்டபம் வந்ததும் எனக்கு இறங்க மனமில்லை.

அந்த வான் ஏன் நின்றது?

செவ்வாய்க்கிழமை தமிழ்க் கடையில் அரிசி வாங்கப் போனேன். கடைக்காரர் குரலை இறக்கினார். குரலை இறக்கினால் எனக்குப் பிடிக்காது. இறக்கிச் சொல்லுகிற எதையும் ஏற்றிச் சொல்ல அவர்களுக்குத் தைரியம் இருக்காது.

"உம்மட கூட்டாளி லிஸ்டில இருக்கிறாராம்."

எந்த லிஸ்ட் என்று கேட்டேன். அவர் சுற்றிப் பார்த்தார். ஒரு பெண் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றாள். அவள் போகும்வரை காத்திருந்தார்.

"சின்னப் பிள்ளையளோட... அந்த லிஸ்ட். பொலிஸ் வைச்சிருக்கிற லிஸ்ட். தானே எழுதிக் குடுத்திருக்கிறாராம் ஐசே."

எனக்குக் கால் குளிர்ந்தது. சப்பாத்துக்குள் பனி போயிருக்கும் என்று நினைத்தேன். அது இல்லை.

விஷயம் இதுதான். இந்த நாட்டில் பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களின் பெயர்களைப் பொலிஸ் ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறது. அந்தப் பதிவேடு வந்து சில வருடம்தான். நீதிமன்றம் சொன்னால், அந்த ஆள் தானே பொலிசுக்குப் போய்ப் பெயர், விலாசம், வேலை எல்லாம் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும். வீடு மாறினால் மறுபடியும். அமெரிக்காவில் அதை யாரும் பார்க்கலாமாம். கம்ப்யூட்டரில் பெயரை அடித்தால் படம், தெரு எல்லாம் வருமாம். பியர்பொன்ட்ஸ் தாய் ஒருவரின் தங்கச்சி அமெரிக்காவில் இருக்கிறா. அவ சொன்னதாம் — அக்கா, உடனே அடித்துப் பார் என்று.

அடித்துப் பார்த்தது கார்த்திக். வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பையன். சென்னையில் இருந்து படிக்க வந்தவன். அவனை உட்கார்த்தி வைத்துத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஒரு மணித்தியாலம் தேடிவிட்டு, இங்கே அப்படி ஒரு சைட்டே கிடையாது, போலீஸ் மட்டும்தான் பார்க்கலாம் என்றானாம்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? எங்கள் ஆட்களுக்கு அப்படி இல்லை. ஒன்றும் வரவில்லை என்றால் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒன்றை எழுதாமல் விட்டால் பத்திரிகைக்கு எழுதுகிற இந்தப் பத்தி பொய்யாகிவிடும். நானும் யோசித்தேன்.

இரண்டு நாள் யோசித்தேன். அந்த வான் திரும்பத் திரும்ப வந்தது. அதே வெள்ளைப் பாதை. அதே ஆறு மூச்சு. இந்த முறை ரேடியோ இல்லாதது எனக்கு வேறு மாதிரிப் பட்டது. பிள்ளைகள் ஏன் அவ்வளவு கெதியாக நித்திரையாகிறார்கள்? தெரிந்த ஒரு மனிதனை, பக்கத்தில் நின்று கோவா உரிக்கிறவனை, தலைக்குள்ளேயே வேறு ஆளாக மாற்ற எனக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் கேட்டேன். வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால், சாப்பாட்டு நேரம். அவர் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்களுக்குப் பொலிசில பதிவு இருக்கோ?"

"ஓம்," என்றார். மென்று விழுங்கிவிட்டு, "உனக்கும் இருக்கும்தானே?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் கையைத் துடைத்துவிட்டுப் பேர்ஸை எடுத்தார். உள்ளே பிளாஸ்டிக் உறை. அதற்குள் மடித்த கடதாசி. மடித்த இடமெல்லாம் வெளுத்துப் போய், விரித்தால் நாலாகப் பிரிந்துவிடும் போல இருந்தது. சிங்கள எழுத்து. ஒரு முத்திரை.

கொட்டாஞ்சேனைப் பொலிஸ்.

இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் கொழும்பு லொட்ஜ்களில் படுத்தவர்கள். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வடக்கில் இருந்தோ கிழக்கில் இருந்தோ கொழும்புக்கு வந்தால், தமிழன் தங்குகிற இடத்தில் பொலிசில் பதிய வேண்டும். வீதியில் மறிப்பார்கள். பதிவு இருக்கா? ஓம் என்று கடதாசியை நீட்டினால் வீட்டுக்குப் போகலாம். இல்லை என்றால் ஜீப்பில் ஏற வேண்டும். எத்தனை பேர் ஏறினார்கள்...

எங்களுக்கு ஓம்தான் நல்லவன் சொல்லுகிற பதில்.

அப்போதுதான் எனக்கு அந்தப் படிவம் ஞாபகம் வந்தது. மண்டபம் தருகிற தேவாலயம், பிள்ளைகளோடு வேலை செய்கிற எல்லோரும் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று கேட்டிருந்தது. பிரெஞ்சுப் படிவம். வகுப்புச் செயலாளர் ஜெயந்தி ரீச்சர்தான் தமிழில் எழுதித் தந்தா. வெள்ளி பின்னேரம் மண்டபத்தில் கதிரை போடுகிறவன் நான். எனக்கும் ஒன்று தந்தா. கடைசியில் ஒரு கேள்வி: "நீங்கள் பொலிஸ் பதிவில் உள்ளவரா?" பக்கத்தில் இரண்டு கட்டம்.

நான் எதில் புள்ளடி போட்டேன்?

ஓமில்தான்.

அன்று பின்னேரமே மெட்ரோ எடுத்து ரீச்சர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தா. முகம் வாடியிருந்தது. இரண்டு கிழமையாக நித்திரை இல்லையாம். பொலிஸ் நிலையத்துக்கும் போயிருக்கிறா. யோகநாதன் என்ற பெயர் லிஸ்டில் இருக்கா என்று கேட்டிருக்கிறா. கவுண்டரில் இருந்த பொலிஸ்காரன், அதை யாருக்கும் சொல்லமுடியாது என்றானாம்.

"ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை அண்ணை. எனக்கு அதுக்குப் பிறகு அவன் சொன்ன ஒண்டும் காதில விழேல்லை. ஏதோ போம் தந்தவன், பையுக்க கிடக்கு."

பிரெஞ்சில் கேள்வி எப்படி இருந்தது என்று கேட்டேன். ரீச்சர் மேசையைப் பார்த்தா. பாலியல் குற்றவாளிகளின் பொலிஸ் பதிவேட்டில் உங்கள் பெயர் உள்ளதா... அப்படித்தான் இருந்ததாம்.

"அந்தச் சொல்லை எப்பிடி எழுதுறது? எல்லாரும் வயசுபோன ஆக்கள். மரியாதையான ஆக்கள். அதை மட்டும் விட்டிட்டன்."

அதை மட்டும்!

எல்லோருடைய படிவங்களையும் எடுக்கச் சொன்னேன். பைலில் அப்படியே இருந்தன. மேசையில் பரப்பினோம். பதினொன்று. ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தைப் பிரட்டினோம்.

இல்லை என்று போட்டவர்கள் மூன்று பேர். கேள்வியை எழுதிய ரீச்சர். சென்னைக் கார்த்திக். மொன்றியலிலேயே பிறந்த, பாலர் வகுப்பு எடுக்கிற ஒரு பிள்ளை.

மிச்சம் எட்டும் ஓம்.

எட்டாவது ஓம் ரீச்சரின் கணவருடையது. அவர் உள்ளே ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா, நீங்களும் ஓம் போட்டிருக்கிறீங்களே?" என்று ரீச்சர் கூப்பிட்டுக் கேட்டா. வெள்ளவத்தையில் ரெண்டு தரம் பதிந்தது, வேணுமெண்டால் கடதாசி பெட்டிக்குள்ள கிடக்கு என்று அங்கேயிருந்தே பதில் வந்தது.

ரீச்சர் சிரித்தா. பிறகு அழுதா. நான் தேத்தண்ணியைக் குடித்தேன். யன்னலுக்கு வெளியே பனி மெல்ல விழுந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு பூவாக.

ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. எட்டு ஓம் இருக்க, ஏன் அவருடைய ஓம் மட்டும் கண்ணில் பட்டது?

"அவரின்ர படிவத்தைத்தான் முதல் எடுத்துப் பாத்தன் அண்ணை. மற்றதுகளைப் பாக்கேல்லை." பைலை மூடிக்கொண்டே, "அவர் தனிய இருக்கிறவர்தானே..." என்றா.

மறுநாள் சந்தையில் எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். லிஸ்ட் என்ன லிஸ்ட் என்பதையும் சொன்னேன். அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை. தாய்மாருக்கு வானின் பழைய பெல்ட்டுகள் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாராம். போன கிழமைதான் இரண்டு புதுப் பெல்ட் போடுவித்தாராம்.

கத்தியைக் கீழே வைத்தார். ஒரு கிழவி வந்து லீக்ஸ் கேட்டா. கொடுத்தார். "மெர்சி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எட்டுப் பேர் ஓம் போட்டிருக்கு. அப்ப ஏன் நான்?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. நீங்கள் தனிய இருக்கிறீர்கள் அண்ணை, அதுதான் என்றேன்.

"ஆர் சொன்னது? என்ர குடும்பம் அஞ்சு பேர் தம்பி. நாலு பேர் இன்னும் வந்து சேரேல்லை."

திருகோணமலையில் மனைவி. மூன்று பெண்பிள்ளைகள். அவர்களை இங்கே எடுக்க ஸ்பொன்சர் போட்டு ஆறு வருடம். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் இரண்டு நாள் யோசித்தேன். அதையும் அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மன்னித்த மாதிரியும் இல்லை, மன்னிக்காத மாதிரியும் இல்லை.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து ரீச்சர் சந்தைக்கு வந்தா. பூசணிக்காய் ஒன்றைத் தெரிந்தெடுக்க அரை மணித்தியாலம் எடுத்தா. அண்ணை நிறுத்துக் கொடுத்தார். ரீச்சர் பையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றா. வாற கிழமையில் இருந்து வானை எடுக்கச் சொல்லிக் கேட்டா. தாய்மார் எல்லோரிடமும் தானே பேசிவிட்டதாகச் சொன்னா.

"கேள்வியை முழுசா எழுதிக்கொண்டு வாங்கோ ரீச்சர்," என்றார் அவர். "நானும் முழுசாப் பதில் எழுதித் தாறன்."

குரல் உயரவில்லை. ரீச்சர் தலைகுனிந்து போனா.

எழுதிக்கொண்டு வந்தா. அந்தச் சொல்லோடு, ஒரு எழுத்தும் குறையாமல். பதினொரு பேருக்கும் புதிதாக. பையில் கிடந்த பொலிஸ் படிவத்தையும் எடுத்து வந்தா. அன்று காதில் விழாதது அதுதான்: லிஸ்டை யாரும் பார்க்கமுடியாது, ஆனால் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர் தானே சம்மதித்துக் கையெழுத்து வைத்தால், பொலிஸ் பார்த்துச் சொல்லும். ஊர் முழுக்க விசாரித்ததற்கு ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்தது.

யோகநாதன் அண்ணை கேள்வியை இரண்டு தரம் வாசித்தார். விரலை வைத்து, சொல் சொல்லாக. இல்லை என்று போட்டார். கையெழுத்து வைத்தார். நானும் வைத்தேன். ரீச்சரின் கணவரும் வைத்தார்.

சில கிழமை கழித்துப் பொலிஸ் கடிதம் வந்தது. பதினொரு பேரிலும் ஒரு குற்றமும் இல்லை.

வான் மறுபடி ஓடுகிறது. நாலு பிள்ளைகள். மற்ற இரண்டு பேரின் தாய்மார் இன்னும் தாங்களே கூட்டி வருகிறார்கள். குளிரில், இரண்டு பஸ் மாறி. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் குரலை இறக்குவார்கள்.

இதை எழுதலாமா என்று அண்ணையிடம் கேட்டேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"மாத்தாதை. கதைச்சவை பேர் சொல்லித்தானே கதைச்சவை."

மாற்றவில்லை. பொலிஸ் பதினொரு படிவத்தையும் வாசித்தது. நாங்கள்தான் ஒன்றை மட்டும் வாசித்தோம்.