எலிப் பிரசவமும் பத்தாயிரம் வாலாவும்

மாலைக் கருத்தரங்குக்குச் சில மணி நேரமே இருந்தது. கல்லூரி வாசலில் பத்தாயிரம் வாலாச் சரத்தை விரித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சிறப்பு விருந்தினராக வரவிருந்த அம்மா லேசுப்பட்டவர் அல்ல. தாய் வயிற்றுக்குள் கரு எப்படி உருவெடுக்கிறது என்று நம் நாட்டில் ஆராயத் தொடங்கிய முன்னோடி. எலிக் கருவைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து இன்னொரு எலியின் கருப்பையில் வைக்கும் முறையை அவருடைய கட்டுரைகளைப் படித்துத்தான் கற்றேன். அவரைக் கௌரவிக்க, விருதுநகர்ப் பக்கத்தில் நான் பாடம் நடத்தும் சின்னக் கல்லூரியில் கருத்தரங்கு, வரவேற்புரை நான் என்றதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதே முறையில் நான் கரு வைத்த எலி அன்று காலையிலிருந்து பஞ்சை இழுத்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் தோற்றுத்தான் போயிருந்தேன். முதல் முறையாக ஒன்று பிரசவம் வரை வந்திருந்தது. எலிகளின் அறையோ வாசலை ஒட்டி இருந்தது. அந்த நேரத்தில் வெடிச் சத்தத்தில் மிரண்டால் தாயெலி குட்டிகளையே தின்றுவிடலாம்.

ஓடினேன். சரத்துக்குப் பக்கத்தில் கல்லூரிக் கமிட்டி அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர்.

"அண்ணாச்சி, வெடிக்காதீக. எலி பிரசவத்துல இருக்கு."

"எலியா? ஏம்மா, சிவகாசிக்காரன் வெடி போடாம விருந்தாளியக் கூப்பிட்டா ஊரு சிரிக்காதா? வாறவுக என்ன நினைப்பாக?"

"நீங்க வெடிச்சீகன்னா நான் மேடை ஏற மாட்டேன்" என்று கத்திவிட்டேன். கமிட்டிக்காரரிடம் பேசுகிற பேச்சா அது? எனக்கு வாய் எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடும்.

அவர் முகம் கறுத்தது. சரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தலைப்பிரசவமா?"

"ஆமா, அண்ணாச்சி."

"ஏலே, சரத்தைச் சுருட்டுங்கலே" என்றவர், போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசப் போனார்.

பொழுது சாய்ந்து கார் வந்தபோது வழி நெடுக மாணவர்கள் கலர் மத்தாப்போடு நின்றார்கள். பச்சையும் சிவப்புமாகப் பொறி கொட்டியது. ஒருவரும் மூச்சுவிடவில்லை. இறங்கிய அம்மா திகைத்துப் பார்த்தார்.

"சிவகாசிப் பக்கம்னாங்க, சத்தத்தையே காணோமே?"

காரணம் சொன்னேன். போட்ட மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "மேடை இருக்கட்டும். எலி எங்க?" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

கூண்டைத் தொடாமல் குனிந்து பார்த்தோம். பஞ்சுக்குள் இளஞ்சிவப்புக் குட்டிகள் நெளிந்தன. மெல்லிய தோல் வழியாக வயிற்றில் வெள்ளையாகத் தெரிந்தது. பால் குடித்திருந்தன! அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பினால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் அண்ணாச்சி.

"சுகப்பிரசவமா?" என்றார், காதில் விழுந்தும் விழாத குரலில்.

"சுகப்பிரசவம்" என்று அம்மாவும் கிசுகிசுத்தார்.

பிறகு மேடையில் பேச எழுந்த அம்மா முதல் நன்றியை அண்ணாச்சிக்குத்தான் சொன்னார். அரங்கம் கைதட்டி அதிர்ந்தது. முன்வரிசையிலிருந்து அண்ணாச்சி பதறி எழுந்து இரு கையையும் ஆட்டினார்.

"மெதுவா, மெதுவா! அங்கன பிள்ளைக தூங்குதுக."